எம்.பி.க்கு எழுதின மொய்

வெயில்ல நிக்காதீங்க பாப்பா. நாற்காலியை இப்படி மரத்தடிக்கு இழுத்துப் போட்டு உக்காருங்க. சென்னையிலேருந்து இவ்வளவு தூரம் பஸ்ஸுல குலுங்கிக்கிட்டு வந்திருக்கீங்க, எங்க எம்.பி.யைப் பத்தி விசாரிக்க. நல்ல காரியம். எல்லா எம்.பி.யைப் பத்தியும் எழுதி புத்தகமாப் போடுவீங்களா? போடுங்க போடுங்க. எங்காளு பக்கத்தை மட்டும் முன்னாடி போடுங்க.

மூணு விசயம் கேட்டீங்க. ஆளு யாரு, எப்படி வந்தவரு. டெல்லியில எதுக்கு எப்படி ஓட்டுப் போட்டாரு. தேர்தலுக்குப் பணம் யாரு குடுத்தது. மூணுக்கும் நான் ஒருத்தனே பதில் சொல்லிருவேன். நீங்க வீடு வீடா அலைய வேண்டாம். அதுலயும் அந்தக் கடைசித் தெருவுப் பக்கம் போகவே போகாதீங்க. வெள்ளையம்மான்னு ஒருத்தி இருக்கா, ஆடு வச்சிருக்கிறவ. வாயைத் தொறந்தா மூட மாட்டா.

எழுதிக்கிறீங்களா? எம்.பி. பூங்குன்றன் எந்தங்கச்சி சௌந்தரத்தோட ஒரே மகன். நான் தாய்மாமன், கோவிந்தராசு. அவுக அப்பா சின்னதுலயே போய்ச் சேந்துட்டாரு. பள்ளிக்கூடத்துல சேத்துவிட்டது நான், சட்டம் படிக்க வச்சது நான். படிச்சு முடிச்சான், சரி, பட்டுக்கோட்டையில ஆபீசு போட்டு நாலு காசு பாப்பான்னு இருந்தேன். அவன் என்ன பண்ணினான்? இறால் குட்டைக்காரங்க மேல கேசு போட்டான். அதுவும் ஊர்க்காரங்ககிட்ட காசு வாங்காம.

இறால் குட்டை தெரியும்ல? கடல் தண்ணியை மோட்டார் வச்சு இழுத்து வயக்காட்டுல பெரிய பெரிய குட்டையாத் தேக்கி இறால் வளக்குறது. குட்டைக்காரனுக்கு நல்ல காசு. ஆனா அந்த உப்பு சும்மா கிடக்காது, மண்ணுக்குள்ளயே இறங்கிப் பக்கத்துக் கிணத்துக்கு வந்துரும். எங்க மாப்ளை பூங்குன்றன்தான் கோர்ட்டுல நின்னு, ஊருக்கும் கிணத்துக்கும் பக்கத்துல குட்டை வெட்டக் கூடாதுன்னு தடை வாங்கிட்டான். அதோட சுத்துப்பட்டு ஊரெல்லாம் வக்கீல் தம்பி, வக்கீல் தம்பின்னு தூக்கி வச்சுக் கொண்டாட ஆரம்பிச்சுட்டாங்க. அவனைப் பாத்தா கெழவிங்க எல்லாம் எந்திரிச்சு நிக்கும். எனக்கே வெக்கமாப் போயிரும், நான் தூக்கி வளத்த பய.

அப்பதான் அவன் இருந்த கட்சிக்குக் கூட்டணியில ஒரே ஒரு சீட்டு கிடைச்சுச்சு. சின்னக் கட்சி பாப்பா, கட்சி ஆபீசுல மின்விசிறியே ஓடாது. வேட்பாளரும் நீங்கதான், செலவும் உங்களதுதான்னு சொல்லிட்டாங்க. மாப்ளை எங்கிட்ட வந்து, "மாமா, இது நமக்கு ஆகாது, வேண்டாம்னு சொல்லிருறேன்"னான்.

நான் விடுவேனா? "மொய்விருந்து வைப்போம்டா"ன்னேன்.

நீங்க சென்னைக்காரவுக. கல்யாணத்துல கவருக்குள்ள வச்சுக் குடுக்குறதுதான் மொய்யின்னு நினைப்பீங்க. எங்க பேராவூரணிப் பக்கத்துல அது வேற. ஒருத்தருக்குப் பணம் வேணும், வீடு கட்டவோ மோட்டார் வாங்கவோ. பேங்குக்குப் போய்க் கைகட்டி நிக்க மாட்டாரு. பந்தல் போட்டு, கெடா வெட்டி, ஊரையே கூப்பிட்டுக் கறிச்சோறு போடுவாரு. வர்றவங்க சாப்பிட்டுட்டு மொய் எழுதுவாங்க. பத்திரம் கிடையாது, கையெழுத்து கிடையாது. ஆனா நாளைக்கு அவங்க பந்தல் போடுறப்ப இவரு போய் வாங்கினதுக்கு மேல கொஞ்சம் கூடவே போட்டு எழுதணும். எழுதலைன்னா அந்தாளு ஊருக்குள்ள தலை காட்ட முடியாது. ஒரு ஆளு விருந்து வச்சா மறுவிருந்துக்கு அஞ்சு வருசம் ஆகும். எம்.பி.க்கும் அஞ்சு வருசம், மொய்க்கும் அஞ்சு வருசம். பொருத்தம் பாருங்க.

ஆனா அவன் பேருல விருந்து வச்சா யாரு வருவா? அவன் யாருக்கும் மொய் எழுதினவன் இல்லையே. கேசு கேசுன்னு அலைஞ்ச பய. அதனால எம் பேருல வச்சேன். நான் மீசை முளைச்ச காலத்துலேருந்து ஒரு பந்தல் விடாமப் போய் எழுதினவன். பழைய ஓட்டு வீட்டை இடிச்சுட்டு மாடி கட்டணும்னு எழுதி எழுதிச் சேத்து வச்சிருந்தேன். அதை அப்படியே தூக்கி அவனுக்குக் குடுத்தேன். அதான், ஓடு பாத்தீங்கள்ல, இன்னும் ஒழுகுது. ஒழுகட்டும். தாய்மாமன்னா என்ன, சீர் வரிசைத் தட்டைத் தூக்கிட்டு போட்டோவுக்கு நிக்கிறதா?

ஆடி ஆவணியில வைக்கிறதுதான் வழக்கம். நாங்க தையிலயே வச்சோம். தேர்தல் தேதி அறிவிச்சுட்டா சோறு போட முடியாதுல்ல.

வந்துச்சு பாருங்க கூட்டம்! பந்தி பந்தியா உக்காந்தாங்க, இலை எடுக்க முடியல. எனக்கு எழுத வேண்டியவங்க மட்டுமில்ல, எனக்கு ஒரு கடமையும் இல்லாதவங்க எல்லாம் புதுசா வந்து எழுதினாங்க. "உங்களுக்கு இல்லண்ணே, வக்கீல் தம்பிக்கு"ன்னு சொல்லி எழுதினாங்க. அந்த வெள்ளையம்மா இருக்காளே, அவ ஒரு ஆட்டை வித்துட்டு வந்து, முந்தானையில முடிஞ்சு வச்சிருந்த நோட்டை அவுத்து வச்சா. "எங்கிணத்தைக் காப்பாத்துன கைக்கு"ன்னா. சும்மா சொல்லக் கூடாது, அன்னைக்கு எனக்குக் கண்ணு கலங்கிப்போச்சு.

இப்பக் கேட்டீங்கள்ல, பணம் யாரு குடுத்தான்னு. எழுதுங்க, ஊரு குடுத்துச்சு. எந்தக் கம்பெனியும் குடுக்கல.

ம்? கலியமூர்த்தியா? அந்தப் பேரை யாரு சொன்னா உங்களுக்கு? பஸ் ஸ்டாண்டுல டீக்கடையிலயா? சொல்லுவாங்க சொல்லுவாங்க. சரி, ஒளிக்க என்ன இருக்கு.

கலியமூர்த்தி இறால் குட்டை வச்சிருக்கிறவரு. ஆமா, எங்க மாப்ளை கேசு போட்டது அவரு மேலதான். அவருக்கும் நான் பத்திரிகை வச்சேன். வைக்காம எப்படி? குட்டை வெட்டுறதுக்கு முந்தி அவரும் எங்களை மாதிரி நெல்லுப் போட்டவருதான். அவரு பந்தல்ல நான் எழுதியிருக்கேன், எங்கப்பா பந்தல்ல அவரு எழுதியிருக்காரு. மாப்ளை கேட்டான், "மாமா, அவருக்குமா?"ன்னு. "பகை கோர்ட்டுல இருக்கட்டும், பந்தியில வேண்டாம்"னு சொன்னேன். சரியாத்தானே சொன்னேன்?

வந்தாரு. பந்தியில எல்லாரோடயும் உக்காந்து சாப்பிட்டாரு. ரசத்தைக் கையில வாங்கிக் குடிச்சாரு. அப்புறம் மொய் எழுதுற மேசைக்குப் போயி, துணிப்பையைக் கவுத்தாரு. எழுதிக்கிட்டிருந்த வாத்தியாரு பேனாவை வச்சுட்டு என்னைத் திரும்பிப் பாத்தாரு. ஊரு எல்லாம் சேந்து எழுதினதுக்குச் சமானமா அவரு ஒருத்தரே வச்சுட்டாரு.

மாப்ளை என்னைப் பந்தலுக்குப் பின்னாடி, சமையக் கொட்டகைக்கு இழுத்துட்டுப் போனான். முகமெல்லாம் வேர்த்து ஊத்துது. "மாமா, அதைத் திருப்பிக் குடுத்துருங்க. இப்பவே."

"என்னடா பேசுற? விருந்துக்கு வந்தவன் வச்ச மொய்யைத் திருப்பிக் குடுக்கிறது அவனைச் செருப்பால அடிக்கிறதுக்குச் சமம்."

"பின்னாடி கேப்பாரு மாமா."

"கேட்டா என்ன? அவரு பந்தல் போடுறப்ப நான் போயி எழுதுவேன். வாங்கின கை என் கை. உனக்கென்ன?"

 எம் பேச்சுக்கு மறுபேச்சு பேசி வளந்தவன் இல்ல அவன்.

ஜெயிச்சான். சும்மா இல்ல, பெரிய கட்சிக்காரனை ஓடஓட விரட்டி ஜெயிச்சான். டெல்லிக்குப் போனதும் வேட்டி கட்டிக்கிட்டு தமிழ்ல பேசினான், டி.வி.யில பாத்தோம். கிணத்துத் தண்ணியைப் பத்தி, கரைவலை இழுக்குற மீன்காரங்களைப் பத்தி, ரயில் பாதையைப் பத்தி, ஒண்ணு விடாமக் கேள்வி கேட்டான். நீங்க அந்தக் கணக்கெல்லாம் வச்சிருப்பீங்க. நல்லா இருக்கும், பாருங்க.

அப்புறம் அந்த மசோதா வந்துச்சு. கரையோரத்துல இறால் குட்டைக்கு இருந்த தடையை எல்லாம் தளத்துறதுக்கு ஒரு சட்டம்.

அது ஓட்டெடுப்புக்கு வர்றதுக்கு ஒரு வாரம் முந்தி கலியமூர்த்தி எங்க வீட்டுக்கு வந்தாரு. இதோ, நீங்க உக்காந்திருக்கிற இடத்துலதான் உக்காந்தாரு. தட்டுல வெத்தலை பாக்கு, தேங்காய், பழம். முறையா வந்தாரு பாப்பா, ரௌடி மாதிரி வரல. "கோவிந்தராசண்ணே, நான் விருந்து வைக்கிறேன்"னாரு.

"சந்தோசம். எங்க பந்தல், எந்த நாளு?"

"டெல்லியில வச்சிருக்கேண்ணே. வர்ற செவ்வாக்கிழமை. உங்க மாப்ளை வந்து செஞ்சாப் போதும். நீங்க வாங்கினது அதோட நேராயிரும். மேல ஒத்தை ரூவா எனக்கு வேண்டாம்."

அந்தச் செவ்வாக்கிழமைதான் மசோதாவுக்கு ஓட்டெடுப்பு. எனக்குப் புரிஞ்சுச்சு. நான் சொன்னேன், "அண்ணே, பணமாக் குடுத்துருறேன், கொஞ்சம் தவணை குடுங்க"ன்னு. அவரு கோவப்படல. "பணம் எங்கிட்ட இருக்குண்ணே. நான் விருந்துக்குக் கூப்பிடுறேன். வர்றதும் வராததும் உங்க மரியாதை"ன்னாரு. தட்டை முன்னாடி நீட்டினாரு.

தட்டை நீட்டினா வாங்காம இருக்க முடியுமா? நீங்களே சொல்லுங்க.

வாங்கிட்டேன். மாப்ளைக்குப் போன் போட்டு விசயத்தைச் சொன்னேன்.   அவன் கேட்டான், "மாமா, நான் யாருக்கு எம்.பி.?"ன்னு.

"ஊருக்கு எம்.பி.டா, யாரு இல்லைன்னா? ஆனா அதுக்கு முந்தி எனக்கு மருமகன். மொய் வாங்கிட்டுத் திருப்பிச் செய்யாதவன்னு என்னை நாலு பேரு பேசினா, அந்தப் பேச்சைக் கேட்டுட்டு நான் உசிரோட இருக்க மாட்டேன்."

"வட்டி போட்டுப் பணமாக் குடுத்துருவோம் மாமா. என் சம்பளத்தைப் பூராவும் குடுத்துருறேன். அவரு கேக்குறது என் ஒருத்தன் ஓட்டை இல்ல. அது இல்லாமயே அந்த மசோதா நிறைவேறிரும். கேசு போட்டவனே கையைத் தூக்கிட்டான்னு ஊரு பாக்கணும், கோர்ட்டு பாக்கணும். அதுக்குத்தான் கேக்குறாரு."

பாத்தீங்களா, அவனே சொல்லிட்டான், அவன் ஓட்டு இல்லாமயே நிறைவேறிரும்னு. அப்புறம் போட்டா என்ன கெட்டுச்சு? நானும் அதைத்தான் சொன்னேன். "தட்டை வாங்கிட்டேன்டா"ன்னேன். அவ்வளவுதான். வச்சுட்டான்.

செவ்வாக்கிழமை டி.வி. முன்னாடி ஊரே உக்காந்திருந்துச்சு. வாக்கெடுப்பு நடந்துச்சு. அவன் கட்சிக்கு அங்க அவன் ஒரே ஆளு, இப்படிப் போடு அப்படிப் போடுன்னு சொல்ல மேல யாரும் கிடையாது. வேண்டாம்னா சிவப்புப் பட்டன், சரின்னா பச்சைப் பட்டனாம். அன்னைக்கு ராத்திரிச் செய்தியில சொன்னாங்க, பூங்குன்றன் ஆதரிச்சு ஓட்டுப் போட்டாருன்னு. டி.வி. முன்னாடி இருந்தவங்க ஒவ்வொருத்தரா எந்திரிச்சுப் போனாங்க.  நான் மட்டும் உக்காந்திருந்தேன். மாப்ளைகிட்டேருந்து போன் வந்துச்சு. "செஞ்சாச்சு"ன்னான். அவ்வளவுதான் சொன்னான்.

எனக்கு நெஞ்சுல இருந்த பாரம் இறங்கின மாதிரி இருந்துச்சு. அன்னைக்கு நல்லாத் தூங்கினேன்.

எழுதுங்க பாப்பா, ஏன் பேனாவை நிறுத்திட்டீங்க? அவன் ஓட்டைக் காசுக்கு விக்கல. ஒரு பைசா வாங்கல. வாங்கினதைத் திருப்பிச் செஞ்சான். அதுக்குப் பேரு லஞ்சமா? எங்க ஊருல அதுக்குப் பேரு நாணயம்.

அதுக்கப்புறம் கொஞ்சம் சங்கடமாப் போச்சுதான். இல்லைன்னு சொல்ல மாட்டேன். சட்டம் மாறினதும் கோர்ட்டுல தடை நிக்கல. உங்க வக்கீலே சரின்னு ஓட்டுப் போட்டிருக்காரேன்னு எதிர்த்தரப்புல எந்திரிச்சுக் கேட்டாங்களாம். கலியமூர்த்தி வடக்குப் பக்கம் நாலு குட்டை புதுசா வெட்டினாரு. அடுத்த கோடையிலயே கிணறெல்லாம் உப்புக் கரிக்க ஆரம்பிச்சுருச்சு. எங்கிணறும்தான். வாழை கருகிப்போச்சு. தண்ணி இப்ப வண்டியில வருது, குடம் இவ்வளவுன்னு காசு குடுத்து வாங்குறோம். ஊருன்னா நல்லது கெட்டது இருக்கும்.

மாப்ளையா? வருவான், எப்பவாச்சும். ரொம்ப வேலை. முந்தி மாதிரி மாமா மாமான்னு சின்னப் பய மாதிரி கத்துறதில்ல. கோயில் திருவிழாவுல பாத்தேன், எந்திரிச்சு நின்னு கும்பிட்டு, "வாங்கய்யா, நல்லா இருக்கீங்களாய்யா?"ன்னான். எம்.பி. ஆனதுலேருந்து பயலுக்கு மரியாதை கூடிப்போச்சு. அடுத்த தடவை நிக்க மாட்டேன்னு சொல்றானாம். வேலை அப்படி, உடம்பு தாங்கணும்ல.

எந்தங்கச்சிதான்... அவளைச் சொல்லணும். சௌந்தரம் இந்தா, மூணாவது வீடு. அவ கட்டிக்கிட்டுப் போன நாள்லேருந்து ஒரு பொங்கல் விட்டதில்ல நான். பச்சரிசி, வெல்லம், கரும்பு, புதுப்பானை எல்லாம் தூக்கிட்டுப் போயிக் குடுத்துட்டு வந்துதான் எங்க வீட்டுல பொங்கல் வைப்போம். இந்தப் பொங்கலுக்கும் போனேன். வாசல்லயே நின்னா. உள்ள வான்னு சொல்லல. பானையைப் பாத்தா, அரிசியைப் பாத்தா, கரும்பைப் பாத்தா. "எல்லாம் கொண்டாந்திருக்கியேண்ணே, பொங்கல் வைக்கத் தண்ணி கொண்டாந்தியா?"ன்னா. கதவைச் சாத்திட்டா.

கூடப் பொறந்தவன் கொண்டுபோன சீரை வாசல்லயே திருப்பி விடுறாள்னா, அது எவ்வளவு பெரிய அவமானம்! பொம்பளைக்குக் கோவம் வந்தா யோசனை இருக்காது. அந்தக் கரும்பைத் தூக்கிட்டுத் தெருவுல திரும்பி நடந்தேன் பாருங்க, அந்த நாலடி நடக்குறதுக்குள்ள எனக்கு உசிரு போய் உசிரு வந்துச்சு.

அதை விடுங்க. நான் சொல்ல வந்தது வேற.

நீங்க கேட்டதுதான். கலியமூர்த்திக்கு செஞ்சீங்க, மத்தவங்களுக்கு என்ன செஞ்சீங்கன்னு. நல்ல கேள்வி. முதல் ரெண்டு வருசத்துல பந்தல் போட்டவங்களுக்கெல்லாம் நான் போயி எழுதிட்டேன், கூடவே போட்டு. மீதிப் பேருக்கு இந்த ஆடி ஆவணியிலதான் முறை. கேக்குதா மைக் சத்தம்? பள்ளிக்கூடத்து மைதானத்துல பந்தல். இன்னைக்கு ஏழெட்டுப் பேரு சேந்து வைக்கிறாங்க. கறி வாசம் இங்க வரைக்கும் வருது. எல்லாரும் என் பந்தல்ல எழுதினவங்க. நான் தென்னந்தோப்பை ஒத்திக்கு விட்டுப் பணம் எடுத்து வச்சிருக்கேன். அவங்கவங்களுக்குத் தனித்தனியா ரப்பர் பேண்டு போட்டு, உள்ள பீரோவுல இருக்கு.

ஆனா ஒருத்தரும் எனக்குப் பத்திரிகை வைக்கல.

இந்த ஆடியிலேருந்து எத்தனையோ விருந்து. ஒண்ணுக்கும் வைக்கல. பக்கத்து வீட்டுக்கு வைக்கிறாங்க, எதிர்த்த வீட்டுக்கு வைக்கிறாங்க. என் வாசலைத் தாண்டிப் போறாங்க. பாப்பா, பத்திரிகை வைக்காத பந்தல்ல போயி மொய் எழுத முடியாது. போனா பிச்சை எடுக்கப் போன மாதிரி. எழுதலைன்னா கோவிந்தராசு வாங்கிட்டுத் திருப்பிச் செய்யலைங்கிறது அப்படியே நிக்கும். எம் மவன் தலைமுறைக்கும் நிக்கும். திட்டினா பதில் சொல்லலாம், கேசு போட்டா கோர்ட்டுக்குப் போகலாம். இதுக்கு எங்க போறது?

போன வாரம் மனசு கேக்காம வெள்ளையம்மா வீட்டுக்குப் போனேன். இந்தப் பந்தல் வைக்கிறவங்கள்ல அவளும் ஒரு ஆளுதான். "உனக்கு எழுத வேண்டியதை வீட்டுலயே குடுத்துருறேன், வாங்கிக்க. ரெண்டு மடங்கா வச்சிருக்கேன்"னேன். அவ ஆட்டுக்குத் தழை ஒடிச்சுக்கிட்டிருந்தா. நிமிந்துகூடப் பாக்கல.

"பணம் வேண்டாம் சாமி. கலியமூர்த்திக்கு டெல்லியில செஞ்சீங்கள்ல? எனக்கும் அங்கயே செஞ்சிருங்க"ன்னா.

அவ்வளவுதான் சொன்னா. நானும் சிரிச்சு வச்சேன். சிரிச்சுட்டு வந்து இந்த நாற்காலியில உக்காந்தவன்தான். சோறு இறங்க மாட்டேங்குது பாப்பா. படிக்காத பொம்பளை, டெல்லி எந்தப் பக்கம்னு தெரியுமா அவளுக்கு? அவளுக்கு நான் அங்க என்னத்தைச் செய்றது?

கிளம்பிட்டீங்களா? காப்பியை அப்படியே வச்சுட்டீங்களே. கரிக்குதோ? அது வண்டித் தண்ணிதான், நல்ல தண்ணிதான். பரவாயில்ல.

எழுதினதை ஒருவாட்டி படிச்சுக் காட்டுங்க. வேண்டாம், விடுங்க. கடைசியா ஒண்ணு மட்டும் சேத்துக்கங்க. எம்.பி. தேர்தலுக்கு வாங்கினதுல யாருக்கும் பாக்கி இல்லைன்னு எழுதுங்க. கொட்டை எழுத்துல எழுதுங்க.

அப்புறம் பாப்பா... நீங்க பஸ்ஸுக்கு அந்த மைதானத்து வழியாத்தானே போவீங்க? வெளியூரு ஆளுன்னா கூப்பிட்டு உக்கார வச்சு சோறு போடுவாங்க, நல்ல சனங்க. சாப்பிடுங்க. சாப்பிட்டுட்டு, அந்த மேசையில எழுதிக்கிட்டிருப்பாரு வாத்தியாரு, அவருகிட்ட மெதுவாக் கேட்டுப் பாருங்க. கோவிந்தராசு பேருக்கு ஒரு பத்திரிகை இருக்கான்னு. நான் கேக்கச் சொன்னேன்னு சொல்லாதீங்க. நான் இங்கதான் உக்காந்திருக்கேன். சட்டையை மாத்திக்கிட்டுத்தான் உக்காந்திருக்கேன்.